பள்ளியில் மாணவர்களே நடத்தும் உரத்தொட்டி: கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளுக்கான முழு வழிகாட்டி

பள்ளியில் உரத்தொட்டி, அதாவது சாப்பாட்டு மிச்சத்தை மட்கவைத்து உரமாக்கும் தொட்டி, தொடங்க நினைப்பவர்கள் முதலில் வாளி வாங்குகிறார்கள். முதலில் சேர்க்க வேண்டியது சருகு. சாப்பாட்டு மிச்சம் தினமும் தானாக வந்துவிடும். அதை மூடவும் அதன் ஈரத்தை உறிஞ்சவும் உள்ளே காற்று போக இடம் விடவும் காய்ந்த இலை வேண்டும். அது தீர்ந்த மூன்றாம் நாள் நாற்றம் வரும், ஐந்தாம் நாள் ஈ மொய்க்கும், அடுத்த வாரம் "இந்த வேலையே வேண்டாம்" என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிடுவார். கையிருப்பில் சருகு இல்லாத பள்ளி தொட்டியைத் தொடங்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. கீழே வரும் எல்லாப் படிகளிலும் இந்தச் சருகுக் கணக்கு திரும்பத் திரும்ப வரும்.

ஒரு வாரம் எடை போடுங்கள்

தொட்டியின் அளவை முடிவு செய்யுமுன் ஐந்து பள்ளி நாட்களுக்கு மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள். ஒரு தொங்கு தராசும் மூடியுள்ள 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் இரண்டும் போதும். ஒரு வாளி தட்டில் மிஞ்சிய உணவுக்கு, மற்றது சமையலறைக் காய்த்தோலுக்கும் முட்டையோட்டுக்கும். வெறும் வாளியின் எடையைக் கழித்து, அன்று என்ன சமைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்த ஐந்து நாள் கணக்கு தொட்டியைவிடப் பெரிய உதவி செய்யும். எந்த நாளில் எது அதிகமாகக் கொட்டப்படுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். காய்த் துண்டு பெரிதாக இருந்ததா, சாப்பிட நேரம் போதவில்லையா, எல்லோருக்கும் ஒரே அளவு பரிமாறினார்களா என்று மாணவர்களே விசாரிக்கட்டும். முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி போடும் முறைக்குச் சத்துணவு அமைப்பாளர் ஒப்புக்கொண்டால் எடை இறங்குவதை அவர்களே தராசில் பார்ப்பார்கள். தட்டில் மிஞ்சாத சோறுதான் நல்லது. தொட்டி அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். பாத்திரத்திலேயே கைபடாமல் மிஞ்சிய உணவைத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். அது கெடுமுன் யாராவது சாப்பிட வேண்டிய உணவு.

எடுத்துக்காட்டாக 300 பிள்ளைகள் சாப்பிடும் பள்ளியில் தலைக்கு 30 கிராம் மிஞ்சினால் 9 கிலோ. சமையலறைக் கழிவு 6 கிலோ என்றால் நாளுக்கு 15 கிலோ, அதாவது ஏறத்தாழ ஒரு 20 லிட்டர் வாளி. இனி வரும் அளவெல்லாம் இந்தக் கணக்குக்கு. உங்கள் எடைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுச் சத்துணவில் ஐந்து நாளும் முட்டை உண்டு. ஓட்டை மட்டும் நிறுத்தாலே 300 முட்டைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். புதுச்சேரியில் மையச் சமையற்கூடத்திலிருந்து உணவு வரும் பள்ளிகளுக்குக் காய்த்தோல் இருக்காது, வருவதெல்லாம் சமைத்த சோறும் குழம்பும்தான். அந்தப் பள்ளிகள் சருகை அரை மடங்கு கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

மாடு வைத்திருப்பவர் கழுநீரோடு சோற்றையும் எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். காய்த்தோலைத் தாராளமாகக் கொடுக்கலாம். சோற்றை அதிகமாகத் தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும். பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கும் நோய் இது.

யாரிடம் கேட்பது, யார் செய்வது

தலைமை ஆசிரியரின் ஒப்புதலோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். தலைமை ஆசிரியர் மாறினாலும் தீர்மானப் புத்தகம் இருக்கும். பசுமைப் படையோ சூழல் மன்றமோ இருந்தால் அதன் பெயரிலேயே நடத்துங்கள். சமையலர், சமையல் உதவியாளர், பள்ளியைப் பெருக்கும் பணியாளர் ஆகியோரிடம் பொறுப்பாசிரியர் நேரில் பேச வேண்டும். காய்த்தோலில் பால் கவர் கலக்காமல் இருப்பதும் சருகு எரியாமல் இருப்பதும் இவர்கள் கையில்தான்.

நடத்துவது 7, 8-ஆம் வகுப்பு. 9-ஆம் வகுப்பு கற்றுக்கொடுக்கட்டும். 10-ஆம் வகுப்பைப் பொதுத்தேர்வுக்கு விட்டுவிடுங்கள். நான்கு பேர் கொண்ட மூன்று குழு, குழுவுக்கு ஒரு வாரம். ஒருவர் எடைப் பதிவேடு, ஒருவர் கைகழுவும் இடத்து வாளி, ஒருவர் தொட்டி, ஒருவர் சருகுக் கொட்டகை. வாரந்தோறும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் தளர்வே கூடாது. குழுவுக்குப் பெயர் எடுப்பது வருகைப் பதிவேட்டு வரிசைப்படி மட்டுமே. வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குத் தண்டனையாக வாளி தூக்கும் வேலை தரக் கூடாது. பெண் பிள்ளைகள் பெருக்க, ஆண் பிள்ளைகள் கிளற என்று பிரிக்கக் கூடாது. குப்பை வேலையை யார் தலையில் கட்டுவது என்பதில் நம் ஊரில் சாதி எப்படிப் புகுந்து விளையாடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளைக்கு அந்த எண்ணம் தோன்றிவிட்டால்கூடத் திட்டம் தோற்றதாகத்தான் அர்த்தம். பொறுப்பாசிரியரும் முதல் வாரம் முழுவதும் வாளி தூக்கட்டும்.

சருகு

வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் கொட்டும். பள்ளிகளில் பாதாம் மரம் என்று சொல்லப்படும் நாட்டு வாதுமை வருடத்துக்கு இரண்டு முறை கொட்டும். ஆனால் சருகு அதிகம் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது மரத்தடியில் கிடப்பதெல்லாம் நனைந்த இலை. ஆக, கோடைக்கு முன் சேர்த்ததைத்தான் மழைக்காலத்தில் செலவழிக்க முடியும்.

ஒரு வாளி உணவுக்கு இரண்டு வாளி சருகும் மேலே மூட அரை வாளியும் என்று வையுங்கள். 50 கிலோ அரிசிச் சாக்கில் காலால் மிதித்து அடைத்த சருகை உதிர்த்தால் சுமார் ஆறு வாளி வரும். அக்டோபர் முதல் ஜனவரி வரை விடுமுறை போக 70 பள்ளி நாள் என்றால் 175 வாளி, ஏறத்தாழ 30 மூட்டை. இந்த 30 மூட்டையும் தரையில் படாமல், செங்கல் மேல் பலகை போட்டு, மழை படாத இடத்தில் அடுக்கியிருக்க வேண்டும்.

எல்லாச் சருகும் ஒன்றல்ல. வேப்பிலை, புங்கன் இலை இரண்டும் சீக்கிரம் மட்கும். வாதுமை இலை பெரியது, அப்படியே போட்டால் தட்டுத் தட்டாகப் படிந்து காற்றை அடைக்கும், மிதித்து நொறுக்கிப் போடுங்கள். கடற்கரைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் சவுக்குச் சருகும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி இலையும் மட்க நாளாகும். மொத்தச் சருகில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். மல்லாட்டை (நிலக்கடலை)த் தோல் கிடைத்தால் விடாதீர்கள். அமுங்காமல் நின்று காற்றுக்கு வழி விடுவதில் அதற்கு ஈடு இல்லை. கரும்புச் சாறு வண்டிச் சக்கையை இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் போடலாம், ஈரமாகப் போட்டால் எறும்பு வரும். மரத்தூள் மிக மெதுவாக மட்கும், ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். பிளைவுட் அறுத்த தூள் வேண்டவே வேண்டாம், அதில் பசை இருக்கும்.

தொட்டி கட்டுவது

உட்புறம் 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம். இப்படி ஒட்டினாற்போல் மூன்று தொட்டி. ஒன்றின் கொள்ளளவு 27 கன அடி, ஏறத்தாழ 765 லிட்டர். இதைவிடச் சிறியதில் சூடு நிற்காது. பெரியதைப் பிள்ளைகளால் கிளற முடியாது. நாளுக்கு ஒரு வாளி உணவு என்றால், போடப்போட அமுங்குவதையும் சேர்த்து ஒரு தொட்டி நிறைய ஐந்து வாரம் ஆகும். ஒன்று நிறையும்போது ஒன்று வேகும், ஒன்று ஆறும். அதனால்தான் மூன்று.

குழி வெட்டாதீர்கள். தேவனாம்பட்டினம், தாழங்குடா மாதிரி மணற்பாங்கான இடத்தில் கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணில் குழிக்குள் தேங்கிய மழைநீர் சீக்கிரம் இறங்காது. தரையை ஓர் அடி உயர்த்தி, உடைந்த செங்கல்லை நாலு அங்குலம் பரப்பி, அரை அங்குலக் கண் உள்ள இரும்புக் கம்பி வலையை விரித்து, அதன் மேல் கட்டுங்கள். நாலரை அங்குலச் சுவர் போதும். செங்கல்லுக்குச் செங்கல் இரண்டு அங்குல இடைவெளி விட்டுத் தேன்கூடு மாதிரி அடுக்குங்கள், பூச்சு வேண்டாம். மூன்று தொட்டிக்கும் சேர்த்து 300 செங்கல் வரை ஆகும். முன்பக்கம் சுவர் எழுப்பாமல், மேலே உருவி எடுக்கிற மாதிரி பலகைகளைச் செருகுங்கள். சுவரின் உட்பக்கமும் மேல்மூடியும் அதே கம்பி வலையால் ஆகட்டும். பிளாஸ்டிக் வலையை எலி ஒரே இரவில் கடித்துவிடும்.

கூரைக்கு எங்கள் பரிந்துரை தென்னங்கீற்று. வடகிழக்குப் பக்கம் இரண்டு அடி கூடுதலாக இறக்குங்கள், மழைக்காலச் சாரல் அங்கிருந்துதான் அடிக்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். அந்த மாதிரிக் காற்றில் தகரம் பறந்தால் ஆளை வெட்டும், கீற்று பறந்தால் கூட்டி அள்ளிவிடலாம். பழைய கீற்றை நறுக்கினால் அதுவும் சருகுக் கணக்கில் சேரும். இடம் வகுப்பறையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் குறைந்தது 50 அடி தள்ளி, மதிய வெயில் படாத மரநிழலில் இருந்தால் நல்லது.

தினமும் மதியம்

கைகழுவும் இடத்தில் மூன்று வாளி. முதல் வாளியின் மேல் ஓட்டை போட்ட பழைய அலுமினியத் தட்டு. சோறும் காயும் அதில் விழும், ரசமும் மோரும் வடிந்து கீழே இறங்கும். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உப்பு அதிகம் இருப்பது குழம்பு நீரில்தான். அது தொட்டிக்குப் போனால் உரம் உப்பாகும், தொட்டியும் சேறாகும். இரண்டாவது வாளி காய்த்தோலுக்கும் நொறுக்கிய முட்டையோட்டுக்கும். மூன்றாவது பிளாஸ்டிக் உறை, ஊறுகாய்ப் பாக்கெட், பளபளப்புப் பூசிய காகிதத் தட்டு ஆகியவற்றுக்கு. மீன் முள்ளும் கோழி எலும்பும் வீட்டுச் சாப்பாட்டில் வரும். முதல் வருடம் அவற்றைச் சேர்க்காதீர்கள், நாயும் எலியும் வாசனை பிடித்து வரும். வாழையிலையை நாலாகக் கிழித்துப் போடலாம்.

தொட்டி வேலை 15 நிமிடம். புதிய தொட்டியாக இருந்தால் அடியில் அரை அடிச் சருகு, அதன் மேல் ஒரு கிலோ பசுஞ்சாணியைப் பத்து லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து ஆரம்பியுங்கள். பிறகு தினமும்:

1. வடிந்த உணவை நிறுத்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.
2. நேற்றைய மேல்மூடிச் சருகை ஓரமாக ஒதுக்கி, நடுவில் பள்ளம் பறியுங்கள்.
3. ஒரு வாளி உணவு, இரண்டு வாளி சருகு. மண் கிளறும் முள்கரண்டியால் நன்றாகக் கலந்து பரப்புங்கள்.
4. ஒதுக்கிய சருகோடு அரை வாளி புதுச் சருகும் சேர்த்து மூடுங்கள்.
5. வலை மூடியைப் போட்டு, வாளியைக் கழுவி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மூன்றாவது படியில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. வாளியிலிருந்து கவிழ்த்த சோறு கட்டியாகவே விழும். அதை உடைக்காமல் மூடினால், பத்து நாள் கழித்துத் தோண்டும்போது தேங்காய் அளவு உருண்டை கிடைக்கும். வெளியே பழுப்பு, உடைத்தால் உள்ளே போட்ட நாள் மாதிரியே வெள்ளை, புளித்த வாடை. காற்று உள்ளே போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு பருக்கையும் இலையில் ஒட்டுமளவு பிரட்ட வேண்டும். வேலை முடிந்ததும் மேலிருந்து பார்த்தால் ஒரு பருக்கைகூடக் கண்ணில் படக் கூடாது. படாவிட்டால் காக்கை வராது, ஈயும் முட்டையிடாது.

சூடு, ஈரம், கிளறல்

சரியாகக் கலந்த தொட்டி மூன்று நான்கு நாளில் சூடேறும். வேண்டியது 55 முதல் 65 டிகிரி செல்சியஸ். மூன்று நாளாவது 55-க்கு மேல் நின்றால் நோய்க்கிருமியும் களை விதையும் பெரும்பாலும் அழியும். 70-ஐத் தாண்டினால் மட்கச் செய்யும் நுண்ணுயிரே சாகும், உடனே கிளறுங்கள். நீளமான தண்டு உள்ள வெப்பமானி இல்லையென்றால் மூன்றடி இரும்புக் கம்பியை நடுவில் பத்து நிமிடம் செருகி எடுங்கள். நுனியைத் தொட்டுப் பார்ப்பது ஆசிரியர் வேலை. பிடித்திருக்க முடியாத சூடு என்றால் சரியாக வேகிறது.

ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி எட்டிப்பார்க்க வேண்டும். ஒழுகினால் சருகு போடுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். உவர்ப்பான போர்த் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள், கடலோரப் பள்ளிகளில் இது முக்கியம்.

தொட்டி நிறைந்ததும் முன்பலகையை உருவி, மொத்தத்தையும் இரண்டாம் தொட்டிக்கு மாற்றுங்கள். வெளியோரம் இருந்தது நடுவுக்கு வரட்டும். மாற்றிய இரண்டாம் நாளே மறுபடி சூடேறும். பிறகு வாரம் ஒரு முறை கிளறல். ஐந்து வாரத்தில் மூன்றாம் தொட்டி, அங்கே வாரக் கிளறல் இல்லாமல் ஐந்து வாரம். கிளறும்போது உள்ளே சாம்பல் பூத்தது போல் வெண்மையாகத் தெரியும். பிள்ளைகள் பூஞ்சை என்று பயப்படுவார்கள். அது சூட்டில் வளரும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர், நல்ல அறிகுறி. ஆனால் அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கில் கைக்குட்டை கட்டிக் கிளறுங்கள். மூச்சிளைப்பு உள்ள பிள்ளைகளுக்கும் கையில் புண் உள்ளவர்களுக்கும் எடைப் பதிவேட்டு வேலை கொடுங்கள்.

நாற்றமும் பூச்சியும்

அழுகிய முட்டை வாடை என்றால் காற்று இல்லை, ஈரம் அதிகம். கிளறி, இரண்டு மூட்டை சருகு கலக்குங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் தழைச்சத்து அதிகம். பருப்பும் முட்டையும் கூடிய வாரங்களில் வரும், அதற்கும் மருந்து சருகே. புளித்த வாடை என்றால் சோற்றுக்கட்டி உடைபடவில்லை. வாடையே இல்லை, சூடும் இல்லை, எறும்பு ஊர்கிறது என்றால் காய்ந்துவிட்டது.

புழுவைப் பார்த்ததும் பூச்சிமருந்து தேடாதீர்கள். தட்டையாய், கணுக்கணுவாய், மங்கிய வெள்ளையில் ஆரம்பித்துக் கறுத்துக்கொண்டே போகும் புழுக்கள் கருஞ்சிப்பாய் ஈயின் குஞ்சுகள். வேகமாகச் சோற்றைத் தின்று தீர்க்கும், கடிக்காது. வளர்ந்த ஈ வீட்டு ஈ மாதிரி உணவில் உட்காராது. அவை பெருகியிருப்பது ஈரம் கூடியதைக் காட்டும், அவ்வளவே.

கவனிக்க வேண்டிய புழு வேறு. கட்டைவிரல் தடிமன், 'சி' எழுத்துப் போல் சுருண்ட வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை. அது காண்டாமிருக வண்டின் புழு. தென்னங்குருத்தைத் துளைக்கும் அந்த வண்டு முட்டையிட விரும்புவது எருக்குழியில்தான். தென்னந்தோப்பு சூழ்ந்த ஊரில் பள்ளித் தொட்டியே அதை வளர்த்துவிட்டால் பக்கத்து விவசாயிக்கு நாம் செய்யும் துரோகம் அது. மூன்றாம் தொட்டியை மாதம் ஒரு முறை அடிவரை பார்த்து, கிடைக்கும் புழுவைப் பொறுக்கி அழியுங்கள். வலை மூடி எப்போதும் போட்டிருந்தால் வண்டு உள்ளே வர வழியில்லை.

தொட்டியடியில் கசியும் நீர் தேங்கினால் கொசு. வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை மாலையில், எல்லா வாளியையும் கவிழ்த்து வையுங்கள்.

புயல் மழையும் விடுமுறையும்

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அப்படி ஒரு எச்சரிக்கை வந்ததும் உணவு சேர்ப்பதை நிறுத்துங்கள். தொட்டி மேல் ஓர் அடிச் சருகு, அதற்கு மேல் தார்ப்பாய், நாலு மூலையிலும் செங்கல்லில் கட்டு. மழை விட்டதும் முதல் வேலை தார்ப்பாயை எடுப்பது, இரண்டாவது கிளறுவது. வெள்ளநீர் உள்ளே ஏறியிருந்தால் அந்தத் தொட்டியில் கழிவுநீரும் கலந்திருக்கும். மறுபடி சருகும் சாணிக் கரைசலும் சேர்த்து முதலிலிருந்து சூடேற்றுங்கள். காய்கறிக்கு வேண்டாம், மரங்களுக்கு இடுங்கள்.

காலாண்டு, அரையாண்டு, பொங்கல் விடுமுறைக்கு முந்திய கடைசி இரண்டு நாள் உணவு சேர்க்காமல், கிளறி மூடிவிட்டால் பத்து நாள் தாங்கும். கோடை விடுமுறைதான் நீளம். அதற்குமுன் எல்லாம் மூன்றாம் தொட்டிக்குப் போய்விட வேண்டும். பள்ளிக்கு அருகே குடியிருக்கும் இரண்டு மாணவர்கள் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் தெளித்தால் போதும்.

உரம் ஆகிவிட்டதா?

போட்டதில் எடைக்கு நான்கில் ஒரு பங்கு மிஞ்சும். கால் அங்குலச் சல்லடையில் சலியுங்கள். முட்டையோடு, முருங்கைச் சக்கை, சவுக்கு இலை ஆகியவை மேலே நிற்கும், அவற்றை அடுத்த தொட்டியில் போடுங்கள். சலித்ததை ஈரப்படுத்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூடி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மழைநேரத்து மண்வாசனை வந்தால் ஆகிவிட்டது. புளிப்போ நாற்றமோ வந்தால் இன்னும் மூன்று வாரம்.

உப்பைக் கண்டுபிடிக்கப் பயறே போதும். ஒரு பூந்தொட்டியில் வெறும் மணல், இன்னொன்றில் பாதி மணல், பாதி உரம். இரண்டிலும் பத்துப் பச்சைப்பயறு. ஒரு வாரத்தில் உரம் கலந்த பூந்தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ இலை நுனி கருகினாலோ உப்பு கூடியிருக்கிறது. மழை நீரில் ஒரு முறை அலசி வடித்து, மீண்டும் சோதியுங்கள். எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் மின்கடத்துத்திறனை அளக்கச் சொல்லுங்கள். அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்டுக்கு (நகரக் குப்பையில் செய்யும் உரத்துக்கு) வைத்திருக்கும் உச்ச அளவு மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் (dS/m). விருத்தாசலத்திலும் குரும்பாபேட்டிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை இதற்கு அணுகலாம்.

கீரைப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ உரத்தை மேல்மண்ணோடு கொத்திவிடுங்கள். தொட்டிச் செடிக்கு இரண்டு பங்கு மண், ஒரு பங்கு உரம். மணல் நிலத்துப் பள்ளிகளில் ஒரே நேரத்தில் நிறைய இடுவதைவிட, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொஞ்சமாக இடுவது பயன் தரும். அந்த மண்ணில் சத்து வேகமாகக் கீழே இறங்கிவிடும்.

பொறுப்பை அடுத்த குழுவிடம் கொடுக்கும் நாள் மார்ச் மாதத்துக்குள் வரட்டும். அப்போது 8-ஆம் வகுப்பு 7-ஆம் வகுப்பின் கையில் கொடுக்க வேண்டியவை: எடைப் பதிவேடு, கொட்டகைச் சாவி, அன்றைக்கு அடுக்கில் எத்தனை மூட்டைச் சருகு இருக்கிறது என்று எண்ணி எழுதிய கணக்கு. 30-க்குக் குறைவாக இருந்தால் வேப்பமரம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.